அழித்தாலும் குறையாத இடம்: தரவுத்தளச் சுட்டிகளும் அவற்றின் பராமரிப்பும்

தடித்த பாடநூல் ஒன்றின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். சொற்கள் அகர வரிசையில் நிற்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சில எண்கள் இருக்கும். பரீட்சைக்கு முதல் நாள் இரவில் ‘ஒளித்தொகுப்பு’ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடும் மாணவிக்குத்தான் அந்தப் பட்டியலின் அருமை தெரியும். புத்தகம் முழுவதையும் புரட்டாமல் நேரே உரிய பக்கத்துக்குப் போய்விடலாம். இந்தப் பட்டியலைச் சுட்டி என்கிறோம். எமது பரீட்சை அனுமதி அட்டையில் இருக்கும் சுட்டெண்ணுக்கும் இதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். பல இலட்சம் பரீட்சார்த்திகளுக்கு நடுவே ஒருவரைச் சட்டென்று கண்டுபிடிப்பதற்கு உதவுவது அது.

கணினித் தரவுத்தளங்களிலும் இதே வேலையைச் செய்யும் சுட்டிகள் இருக்கின்றன. கடையில் பற்றுச்சீட்டு எழுதும் மென்பொருள், மருந்தகத்தின் இருப்புக் கணக்கு, வங்கிக் கணக்கு, நூலகப் பதிவேடு ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் அட்டவணைகளும் சுட்டிகளும் உள்ளன. புத்தகத்தின் சுட்டிக்குத் தாள் தேவைப்படுவதைப் போல, தரவுத்தளத்தின் சுட்டிக்கு வன்தட்டில் இடம் தேவைப்படுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. புத்தகம் ஒரு முறை அச்சாகி முடிந்துவிடும். தரவுத்தளமோ ஒவ்வொரு நிமிடமும் எழுதப்பட்டு, திருத்தப்பட்டு, அழிக்கப்படும் புத்தகம். ஆகவே அதன் சுட்டியும் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்தினால் இடம் எப்படிப் பெருகுகிறது, பராமரிப்பினால் எப்படிக் குறைகிறது, சில வேளைகளில் பராமரிப்பினாலேயே எப்படிக் கூடுகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்காத வாசகர்களும் பெற்றோரும் விளங்கிக்கொள்ளலாம்; கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

பக்கம் பக்கமாக ஓர் அட்டவணை

1970 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கார் கொட் என்பவர், தகவல்களை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக வைத்துக் கையாளும் முறையை முன்வைத்தார். இன்று நாம் வகுப்பில் படிக்கும் தொடர்புநிலைத் தரவுத்தளத்தின் தொடக்கம் அதுவே. அதே காலப்பகுதியில் போயிங் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் றுடோல்ப் பேயர், எட்வேர்ட் மெக்கிரைட் என்ற இருவர் ‘பி-மரம்’ என்னும் சுட்டி அமைப்பை உருவாக்கினார்கள். இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது இதன் திருத்திய வடிவங்களையே.

வன்தட்டில் அட்டவணை ஒரே நீளக் கோடாக எழுதப்படுவதில்லை. கொப்பியைப் போல, ஒரே அளவான பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எமது மாணவர்கள் செயற்றிட்டங்களுக்கு அதிகம் பயன்படுத்தும் மை எஸ்.கியூ.எல். மென்பொருளில் ஒரு பக்கம் வழமையாக 16 கிலோபைற்று. போஸ்ட்கிரெஸ், எஸ்.கியூ.எல். சேர்வர் ஆகியவற்றில் 8 கிலோபைற்று. ஒரு பக்கத்தில் பாதியில்தான் எழுத்து இருந்தாலும், வன்தட்டில் அந்தப் பக்கம் முழுப் பக்கத்தின் இடத்தையே பிடிக்கும். இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வசனமே அடிப்படை.

பி-மரம் என்பது தலைகீழாக நிற்கும் மரம். மேலே வேர்ப் பக்கம் ஒன்று. அது கீழே உள்ள பக்கங்களுக்கு வழி காட்டும். அவை அதற்கும் கீழே உள்ள இலைப் பக்கங்களுக்கு வழி காட்டும். இலைப் பக்கங்களில் பெயர்களோ எண்களோ வரிசை குலையாமல் அடுக்கப்பட்டிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கடையின் பற்றுச்சீட்டு அட்டவணையில் பத்து இலட்சம் நிரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிரைக்கு 200 பைற்றுகள். 16 கிலோபைற்றுப் பக்கம் என்றால் 16,384 பைற்றுகள். அதில் பதினாறில் ஒரு பங்கைப் பிற்காலத் தேவைக்கென்று விட்டால் 15,360 பைற்றுகள் மிஞ்சும். அதில் 76 நிரைகள் கொள்ளும். அப்படியானால் அட்டவணைக்கு 13,158 பக்கங்கள், அதாவது ஏறத்தாழ 206 மெகாபைற்று வேண்டும்.

சுட்டி எதுவும் இல்லாமல் ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தேடினால், கணினி அந்த 13,158 பக்கங்களையும் புரட்ட வேண்டும். பெயருக்கு ஒரு சுட்டி அமைத்தால், சுட்டியில் மூன்று பக்கங்கள், பிறகு அட்டவணையில் மூன்று பக்கங்கள் என்று ஆறு பக்கங்களுடன் வேலை முடிந்துவிடும். 13,158 எங்கே, ஆறு எங்கே! சுட்டியின் பயன் அவ்வளவு பெரியது.

இனி அதன் விலையைப் பார்ப்போம். சுட்டியில் ஒரு பதிவுக்கு 32 பைற்றுகள் என்று கொண்டால், நிறைந்த பக்கம் ஒன்றில் 480 பதிவுகள் கொள்ளும். பத்து இலட்சம் பதிவுகளுக்கு 2,084 இலைப் பக்கங்கள், அதாவது சுமார் 33 மெகாபைற்று. இது தாங்கக்கூடிய விலைதான்.

ஆனால் அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றும் பாதி மட்டுமே நிறைந்திருந்தால்? அப்போது ஒரு பக்கத்தில் 256 பதிவுகள்தான். பக்கங்கள் 3,907 ஆகிவிடும்; இடம் சுமார் 61 மெகாபைற்று. தகவலில் ஓர் எழுத்துக்கூடக் கூடவில்லை, இடம் மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. இப்படி ஐந்து சுட்டிகள் இருந்தால் அவை மட்டும் சுமார் 305 மெகாபைற்றைப் பிடித்துவிடும். 206 மெகாபைற்று அட்டவணையை விட அதன் சுட்டிகள் பெரியவை! குழந்தையை விடத் தொட்டில் பெருத்துப்போன கதை இது.

பக்கம் ஏன் பாதியாகிறது?

எமது நூலகத்தின் றாக்கைகளை நினைத்துப் பாருங்கள். புத்தகங்கள் அகர வரிசையில் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. புதிதாக வந்த புத்தகம் ஒன்று ஒரு தட்டின் நடுவில்தான் வர வேண்டும், தட்டிலோ இடமில்லை. நூலகர் என்ன செய்வார்? பக்கத்தில் ஒரு புதிய தட்டை எடுத்து, நிறைந்த தட்டின் பாதிப் புத்தகங்களை அதற்கு மாற்றிவிட்டுப் புதியதைச் செருகுவார். ஒரு புத்தகத்துக்காக ஒரு தட்டு கூடிவிட்டது. இரண்டு தட்டுகளும் இப்போது பாதி வெறுமையாக நிற்கின்றன.

தரவுத்தளத்தில் இதற்குப் பக்கப் பிளவு என்று பெயர். நிறைந்த பக்கத்தின் நடுவே புதிய பதிவு வரும்போது அந்தப் பக்கம் இரண்டாகப் பிளக்கிறது. பதிவுகள் வரிசையாக வந்தால் இந்தச் சிக்கல் குறைவு. பற்றுச்சீட்டு இலக்கம் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போவதால், புதியது எப்போதும் கடைசிப் பக்கத்திலேயே சேரும். மை எஸ்.கியூ.எல். மென்பொருளில் இப்படி வரிசையாக வரும்போது பக்கங்கள் பதினாறில் பதினைந்து பங்கு நிறையும். ஆனால் வாடிக்கையாளர்களின் பெயர்கள் அகர வரிசையில் கடைக்கு வருவதில்லையே! முதலில் ஸாஹிரா வருவார், பிறகு அமீனா, அதன் பிறகு மும்தாஜ். பெயர்ச் சுட்டியின் எல்லாப் பக்கங்களிலும் அங்கும் இங்குமாகச் செருகல்கள் நடக்கும். இவ்வாறு ஒழுங்கின்றி வரும் பதிவுகளால் வளரும் பி-மரத்தின் பக்கங்கள் சராசரியாக 69 சதவீதம் அளவில்தான் நிறைந்திருக்கும் என்பது கணிதத்தில் காட்டப்பட்ட முடிவு.

பிளந்த புதிய பக்கம் கோப்பில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போய் உட்காரும். அதனால் வரிசைப்படி அடுத்தடுத்து இருக்க வேண்டிய பக்கங்கள் சிதறிப்போகின்றன. ஆகவே சிதறலில் இரண்டு வகை உண்டு: பக்கங்களுக்குள்ளே வெற்றிடம் இருப்பது ஒன்று, பக்கங்களின் வரிசை குலைவது மற்றொன்று. இடத்தைக் கூட்டுவது முதலாவது.

அழித்தால் இடம் குறையுமா?

எனது சாச்சாவின் புடவைக்கடையில் இது வெறும் பாடமாக இருக்கவில்லை. கடைக் கணினியில் இடம் முடியப்போகிறது என்ற எச்சரிக்கை அடிக்கடி வந்தது. மென்பொருளைப் பராமரிக்க வருபவர் சொன்னபடி, மூன்று வருடங்களுக்கு முந்திய பற்றுச்சீட்டுகளை எல்லாம் அழித்தார்கள். அவற்றோடு பழைய கடன் கணக்குகளும் போய்விட்டன. ஆனால் வன்தட்டில் கிடைத்த இடம் ஒன்றுமே இல்லை.

“மூணு வருசக் கணக்க அழிச்சும் ஒரு துளி இடம் வரல்லையே, மகன்” என்று சாச்சா என் நானாவிடம் கேட்டார்.

“சாச்சா, நீங்க எழுத்தத்தான் அழிச்சிருக்கீங்க. தாள் இன்னும் கொப்பிக்குள்ளதான் இருக்கு” என்றார் நானா.

உண்மை அதுதான். மை எஸ்.கியூ.எல். போன்றவற்றில் ஒரு நிரையை அழிக்கும்போது, அது முதலில் ‘அழிக்கப்பட்டது’ என்று குறிக்கப்படுகிறது. பிறகு பின்னணியில் ஓடும் ஒரு செயல் அதை உண்மையாகவே அகற்றுகிறது. அந்த இடம் அதே அட்டவணையில் அடுத்து வரும் பதிவுகளுக்கென்று வைக்கப்படும். கோப்பின் அளவு குறையாது. பற்றுச்சீட்டு இலக்கத்தின்படி அடுக்கிய அட்டவணையில் பழையவை ஒன்றாக இருப்பதால் முழுப் பக்கங்களே காலியாகும். அவை கோப்புக்குள் வெற்றுப் பக்கங்களாகக் காத்திருக்கும். பெயர்ச் சுட்டியிலோ பழைய பதிவுகள் எல்லாப் பக்கங்களிலும் பரவி இருந்தன. அங்கே பக்கத்துக்குப் பக்கம் ஓட்டைகள் விழுந்தன. ஒரு பக்கம் பாதிக்குக் கீழே இறங்கினால் பக்கத்து வீட்டுடன் சேர்க்க மென்பொருள் முயலும். ஆனால் பக்கத்து வீடும் நிறைந்திருந்தால் அது நடக்காது.

சில மாதங்களுக்குப் பின் ஒரு வாடிக்கையாளர் பழைய பற்றைத் தீர்க்க வந்தார். கணினியில் அவருடைய பெயருக்கு எதுவும் இல்லை. அவர் நேர்மையான மனிதர். தொகையைத் தன் கொப்பியில் எழுதி வைத்திருந்தார், அதன்படி கொடுத்துவிட்டுப் போனார். கணினியை நம்பிய கடைக்குக் கணக்குச் சொன்னது வாடிக்கையாளரின் கொப்பி. எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அமானிதமான ஒரு கணக்கு, கிடைக்காத ஓர் இடத்துக்காகப் போய்விட்டது. இதனாலேயே இந்த விடயத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மீளக் கட்டுதல்

எழுத்தை அழித்த கொப்பியிலிருந்து தாளை மீட்க ஒரு வழி இருக்கிறது. மிஞ்சிய எழுத்துகளை மட்டும் ஒரு புதிய கொப்பியில் இடைவெளியின்றிப் பிரதி செய்துவிட்டு, பழைய கொப்பியை எறிந்துவிடுவது. தரவுத்தளத்தில் இதுவே மீளக் கட்டுதல். மை எஸ்.கியூ.எல். இல் ‘ஆப்டிமைஸ் டேபிள்’ என்ற கட்டளை அட்டவணையையும் அதன் சுட்டிகளையும் புதிய கோப்பில் நெருக்கமாக எழுதிவிட்டுப் பழைய கோப்பை நீக்குகிறது. அட்டவணைக்கு ஒரு கோப்பு என்ற வழமையான அமைப்பில், மீதமான இடம் அப்போதுதான் வன்தட்டுக்குத் திரும்பும். நாம் பார்த்த கணக்கில் ஐந்து சுட்டிகளும் 305 மெகாபைற்றிலிருந்து சுமார் 163 மெகாபைற்றுக்கு இறங்கும்.

இங்கே ஒரு பெரிய நிபந்தனை உண்டு. புதிய கொப்பி எழுதி முடியும் வரை பழைய கொப்பியும் மேசையில் இருக்க வேண்டும். அதாவது, இடத்தைக் குறைப்பதற்கு முதலில் ஏறத்தாழ அதே அளவு இடம் வேண்டும். வன்தட்டு முழுவதும் நிரம்பிய பிறகு இதைச் செய்ய நினைத்தால் கட்டளை பாதியில் நின்றுவிடும். சாச்சாவின் கடையிலும் இடம் போதாமல், நானா முதலில் முழுத் தரவுத்தளத்தையும் வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்து, வேறு பழைய கோப்புகளை அங்கே நகர்த்தி, கடை மூடிய பின் இரவில்தான் வேலையைச் செய்தார்.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வழக்கம்

போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் வழக்கம் சற்று வேறு. அங்கே ஒரு நிரையைத் திருத்தினால் பழைய நிரை அப்படியே இருக்க, புதிய பிரதி ஒன்று எழுதப்படும். பழைய பிரதி இறந்த நிரையாகிவிடும். ஆகவே அழிக்காமல் திருத்திக்கொண்டே இருந்தாலும் அட்டவணையும் சுட்டியும் பெருக்கும். இறந்தவற்றைத் துடைத்து இடத்தை மறுபடி பயன்படச் செய்வது ‘வக்யூம்’ என்ற கட்டளை. இது தானாகவும் நடக்கும். ஆனால் அதுவும் பெரும்பாலும் கோப்பைச் சிறிதாக்காது. ‘வக்யூம் ஃபுல்’ என்றால்தான் முழு அட்டவணையும் புதிதாக எழுதப்படும். அது முடியும் வரை அந்த அட்டவணையை வேறு யாரும் தொட முடியாது. சுட்டியை மட்டும் மீளக் கட்ட ‘ரீஇன்டெக்ஸ்’ உண்டு. 2019 இல் வந்த 12 ஆம் பதிப்பிலிருந்து, மற்றவர்களின் வேலையைத் தடுக்காமலே இதைச் செய்ய முடிகிறது.

மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேர்வரில் இரண்டு வகைப் பராமரிப்புகள் உள்ளன. ஒன்று மீளொழுங்கு செய்தல். இருக்கும் பக்கங்களுக்குள்ளேயே நகர்த்தி நெருக்குவதால் இதற்கு மேலதிக இடம் அதிகம் தேவையில்லை. மற்றது மீளக் கட்டுதல். சிதறல் 5 முதல் 30 சதவீதம் வரை என்றால் முதலாவது, 30 ஐத் தாண்டினால் இரண்டாவது என்பது அந்நிறுவனத்தின் கையேடுகள் நீண்ட காலம் சொல்லிவந்த அளவுகோல்.

அதே மென்பொருளில் கோப்பைச் சுருக்கும் கட்டளையும் உண்டு. கோப்பின் கடைசியில் உள்ள பக்கங்களை எடுத்து முன்னால் எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அங்கே போட்டு, வாலை வெட்டிவிடும். இடம் குறையும்; ஆனால் சுட்டியின் வரிசை குலைந்துவிடும். குலைந்ததைச் சரிசெய்யச் சுட்டியை மீளக் கட்டினால், புதிய பிரதிக்காகக் கோப்பு மறுபடியும் வளரும். வளர்ந்ததே என்று மறுபடியும் சுருக்கினால் மறுபடியும் குலையும். செக்கு மாடு சுற்றி வருவதைப் போன்றது இது. பராமரிப்பு என்ற பெயரில் வேலைதான் மிஞ்சும்.

நெருக்கி அடுக்குவது எப்போதும் நல்லதா?

இல்லை. ஒரு தட்டில் ஊசி நுழையவும் இடமில்லாமல் புத்தகங்களை அடுக்கினால், அடுத்த நாள் வரும் முதற் புத்தகமே அந்தத் தட்டைப் பிளந்துவிடும். ஆகவே கொஞ்சம் இடம் விடுவதற்கென்றே ‘நிரப்பு வீதம்’ என்ற அமைப்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் சுட்டிகளில் இது வழமையாக 90 சதவீதம். பதிவுகள் அடிக்கடி மாறும் அட்டவணைக்கு இந்த வெற்றிடம் வீணல்ல. நாளைய விருந்தாளிக்கான பாய். பழைய வருடங்களின் பரீட்சைப் பெறுபேறுகள் போன்று இனி மாறவே மாறாத அட்டவணைக்கு மட்டும் முழுமையாக நெருக்கி அடுக்கலாம்.

அதேபோல ஒவ்வோர் இரவும் மீளக் கட்டுவதிலும் பயனில்லை. ஒழுங்கின்றி வரும் பதிவுகளால் சில நாட்களில் பக்கங்கள் மறுபடி பிளந்து பழைய அளவுக்கே வந்துவிடும். பெருமளவு பதிவுகளை ஒரே முறையில் அழித்த பிறகு, அந்த இடம் மறுபடி நிரம்பப் போவதில்லை என்று தெரிந்தால், அப்போது மீளக் கட்டுவதே பொருத்தம்.

நாம் செய்யக்கூடியவை

செயற்றிட்டம் செய்யும் மாணவிகள், எல்லா நிரல்களுக்கும் சுட்டி போட வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஒரு பற்றுச்சீட்டு எழுதும்போது ஒவ்வொரு சுட்டியிலும் ஒரு பதிவு எழுதப்படுகிறது. ஒருவரும் தேடாத சுட்டி, ஒருவரும் திறக்காத அலுமாரி. அதை நீக்குவதே மிகச் சிறந்த பராமரிப்பு.

முதன்மைச் சாவியைச் சிறியதாகத் தேர்ந்தெடுங்கள். மை எஸ்.கியூ.எல். இல் ஒவ்வொரு துணைச் சுட்டியும் முதன்மைச் சாவியின் ஒரு பிரதியைத் தன்னுள் வைத்திருக்கும். 4 பைற்று எண் ஒன்றுக்குப் பதிலாக 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எழுத்தாக முதன்மைச் சாவியாக்கினால், ஒரு பதிவுக்கு 8 பைற்றுகள் கூடும். பத்து இலட்சம் நிரைகளும் ஐந்து துணைச் சுட்டிகளும் என்றால் நான்கு கோடி பைற்றுகள், சுமார் 38 மெகாபைற்று. ஒரு சிறு தீர்மானத்தின் விலை இது.

கடையோ அலுவலகமோ வைத்திருக்கும் பெற்றோர், “இடம் இல்லை, பழையதை அழிப்போம்” என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அட்டவணை எவ்வளவு இடம் பிடிக்கிறது, சுட்டிகள் எவ்வளவு, உள்ளே வெறுமையாகக் கிடப்பது எவ்வளவு? இந்த மூன்று எண்களையும் ஏறத்தாழ எல்லாத் தரவுத்தளங்களும் ஒரே கட்டளையிலோ சில கட்டளைகளிலோ காட்டும். வெறுமை அதிகமென்றால் ஒரு பதிவையும் அழிக்காமலே இடத்தை மீட்கலாம். அழிக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு அழியுங்கள். இவை எதையும் வன்தட்டு நிரம்பும் வரை தள்ளிப்போடாதீர்கள். மீளக் கட்டுவதற்கும் இடம் வேண்டும் அல்லவா?

வீட்டில் உம்மா அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது உடுப்புகளை எறிவதில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மடித்து, மறுபடி அடுக்குகிறார். ஒரு தட்டு மிஞ்சுகிறது. வெளியே எடுத்து வைக்கக் கட்டிலில் இடம் இருந்தால்தான் அது நடக்கும். சுட்டிப் பராமரிப்பும் அதுவேதான். இடம் போதவில்லை என்றவுடன் எதை எறியலாம் என்று பார்ப்பதற்கு முன், எப்படி அடுக்கியிருக்கிறோம் என்று பார்ப்போம்.